பேக்ரவுண்டை மாற்றாமல் விட்டவர்

என் சித்தப்பா மதுரையில் முப்பது வருஷத்துக்கு மேல் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடியில் கடை. கடையை மூடிய பிறகும், கையில் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பார். போன மாதம் என் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினேன். கரி அப்பிய முகத்தோடு ஒரு சுரங்கத் தொழிலாளி, பின்னால் வெறும் வெள்ளை. எடுத்தவர் ரிச்சர்ட் அவெடன், சினிமா நட்சத்திரங்களையும் ஃபேஷன் மாடல்களையும் எடுத்தே உலகம் பூராவும் பேர் வாங்கிய அமெரிக்கர் என்று சொன்னேன். சித்தப்பா விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பேக்ரவுண்டு மாத்துறதுக்குத்தானப்பா வெள்ளையில எடுப்போம்? இவரு மாத்தாமயே விட்டுட்டாரா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. அவெடனைப் பற்றி எழுதப்பட்டது மலைபோல் கிடக்கிறது. நான் படித்த அளவில் இத்தனை நேராக யாரும் கேட்டதில்லை. அவருடைய அறுபது வருஷத் தொழிலுக்குள் ஒரு மதுரைக்காரன் நுழைய இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

சித்தப்பா கடையில் இரண்டு திரை உண்டு. ஒன்று கித்தான் துணியில் பெயிண்டால் வரைந்தது. வளைந்து ஏறும் மாடிப்படி, தூணைச் சுற்றிய கொடி, தூரத்தில் ஒரு ஏரி, ஏரியில் இரண்டு அன்னம். அப்படி ஒரு மாடிப்படி எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் கிடையாது. இருந்தாலும் கல்யாணமான புதுசில் அந்தப் படிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத ஜோடியும் எங்கள் தெருவில் கிடையாது. இன்னொன்று சாதாரண வெள்ளைத் துணி. அது அரசாங்கத்துக்கு. காலேஜ் அப்ளிகேஷன், பஸ் பாஸ், பேங்க் பாஸ்புக், துபாய் போகிற பையனின் பாஸ்போர்ட், எல்லாம் அதன் முன்னால்தான். வண்ணத் திரைக்கு முன் உட்காருகிறவர் பவுடர் போட்டு, தலை சீவி, வாட்ச் இரவல் வாங்கிக் கட்டி வருவார். வெள்ளைத் துணிக்கு வருகிறவர் கீழே சைக்கிளைப் பூட்டக்கூட மாட்டார். இரண்டே நிமிஷம், அடுத்த ஆள்.

வெள்ளைத் துணிப் படத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. வீட்டில் பெரியவர் ஒருவர் போய்விட்டால், தனியாக எடுத்த படம் என்று அவருக்கு அது ஒன்றுதான் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடுவார்கள். அங்கே முகத்தை மட்டும் வெட்டி, பின்னால் நீலத்தைக் கொடுத்து, சட்டைக்குப் பதில் கோட்டு, கைத்தறிச் சேலைக்குப் பதில் பட்டு என்று மாற்றி, பெரிதாக்கி, பிரேம் போட்டு, மாலை போட்டு மாட்டுவார்கள். சுவரெல்லாம் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் அதே முகம்தான். நம் வடிவேலு சினிமாவுக்குப் போவதற்கு முன்னால் மதுரையில் படங்களுக்குப் பிரேம் போடும் வேலை பார்த்தவர் என்பது தெரிந்த கதை. அவர் கையால் எத்தனை வெள்ளைத் துணி முகங்கள் கண்ணாடிக்குள் போயினவோ. ஆக, எங்கள் ஊர் ஸ்டுடியோ பாஷையில் வெள்ளை என்பது பாதி வேலை. மீதி பாதிதான் பேக்ரவுண்டு மாற்றுவது.

அவெடனும் வெள்ளைத் துணியில்தான் தொழில் படித்தார். 1923-இல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பா துணிக்கடைக்காரர். அந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். பள்ளியில் இலக்கியப் பத்திரிகை நடத்தினார், கூட நடத்தியவர் பிற்காலத்தில் பெரிய எழுத்தாளரான ஜேம்ஸ் பால்ட்வின். 1942-இல், உலகப் போரின் நடுவே, வணிகக் கப்பற்படையில் சேர்ந்தார். அப்பா வாங்கிக் கொடுத்த ரோலிஃப்ளெக்ஸ் கேமரா கையில் இருந்ததால் போட்டோப் பிரிவில் போட்டார்கள். வேலை என்ன? மாலுமிகளின் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. ஒருவர் பின் ஒருவராக, நேராக நிறுத்தி, ஒரே மாதிரி. நான் ஒரு போட்டோகிராபர் என்று எனக்கே உறைப்பதற்குள் லட்சம் முகம் எடுத்திருப்பேன் என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. கணக்கு கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் விஷயம் புரிகிறது. ஒரு நாளைக்கு நாற்பது பேரை ஒரே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்த சித்தப்பாவுக்கு அது உடனே புரிந்தது. "அப்பத்தான்டா தெரியும், எந்த மூஞ்சியும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காதுன்னு" என்றார்.

படையிலிருந்து வெளியே வந்ததும் அவெடன் செய்த காரியம் இன்றைக்கு மதுரையில் கேமராவோடு அலைகிற எந்தப் பையனுக்கும் பரிச்சயமானது. நியூயார்க்கில் பான்விட் டெல்லர் என்று பெரிய துணிக்கடை. அங்கே போய், உடைகளைக் கொடுங்கள், காசு வாங்காமல் படம் எடுத்துத் தருகிறேன் என்று கேட்டார். படத்தைப் பார்த்து வேலை கொடுத்தார்கள். அதோடு ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகையின் ஆர்ட் டைரக்டர் அலெக்சி பிராடோவிச்சைப் பார்க்கத் திரும்பத் திரும்ப நடந்தார். கடைசியில் பார்த்தபோது, அவெடன் ஆசையாகக் கொண்டுபோன ஃபேஷன் படங்களை அவர் ஒதுக்கிவிட்டார். அந்தக் கட்டில் ஒரே ஒரு படம்தான் அவருக்குப் பிடித்தது. கப்பல்படையைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள், ஒருவர் முகம் துல்லியமாக, பின்னால் மற்றவர் மங்கலாக. அதாவது, அடையாள அட்டைப் பிழைப்பின் ஓரத்தில் எடுத்த படம். அந்த உணர்வைத் துணிக்குள் கொண்டுவா என்பதுதான் பிராடோவிச் கொடுத்த வேலை என்று வைத்துக்கொள்ளலாம். 1945-க்குள் அவெடன் ஹார்ப்பர்ஸ் பஜார் ஆள் ஆகிவிட்டார். வயது இருபத்திரண்டு.

அதற்கு முன்னால் ஃபேஷன் படம் என்றால் பெரும்பாலும் துணிக்கடை பொம்மை மாதிரிதான். மாடல் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். அதற்குத் தொழில் காரணமும் உண்டு. பெரிய கேமரா, வேகமில்லாத பிலிம், அசைந்தால் கலங்கிவிடும். "அசையாதீங்க, மூச்சப் புடிச்சுக்கோங்க" என்று எங்கள் ஊர் ஸ்டுடியோவில் சொன்னதும் இதே காரணத்தால்தான். (1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரைக்கு வந்து கோயிலையும் நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் மெழுகுக் காகித நெகட்டிவில் படம் எடுத்தார். அவற்றில் ஊர் காலியாகக் கிடப்பதுபோல இருக்கும். நடக்கிற மனிதன் பதிய மாட்டான், நிற்கிற தூண்தான் பதியும்.) சின்னக் கேமராவும் வேகமான பிலிமும் வந்தன. போர் முடிந்து 1947-இல் டியோர் என்ற பிரெஞ்சு டிசைனர் அகலப் பாவாடையோடு பாரிஸ் ஃபேஷனைத் தூக்கி நிறுத்தினார். அவெடன் மாடல்களைத் தெருவுக்குக் கூட்டிப்போனார். ஓடவைத்தார், குதிக்கவைத்தார், ஓட்டலில் சிரிக்கவைத்தார். துணி காற்றில் பறந்தால்தான் அதன் வெட்டும் கனமும் தெரியும். துணிக்கடைக்காரர் மகனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்துப் படங்களில் உலகமறிந்தது 1955 ஆகஸ்டில் பாரிஸில் ஒரு சர்க்கஸ் கொட்டகையில் எடுத்தது. டொவீமா என்ற மாடல், கறுப்பு வெல்வெட் உடை, இடுப்பிலிருந்து தரை வரை வழியும் வெள்ளைப் பட்டு. இரண்டு பக்கமும் யானைகள். அவள் ஒரு கையை ஒரு யானையின் தும்பிக்கை மேல் வைத்து உடம்பை வளைத்து நிற்கிறாள். அந்த உடையை வரைந்தது அப்போது டியோரிடம் வேலை பார்த்த இளைஞர், பிற்காலத்தில் பெரிய டிசைனரான இவ் சான் லொரான். வெளிநாட்டுக்காரர்கள் இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது யானையின் சுருக்கம் விழுந்த தோலும் உடையின் வழுவழுப்பும் எதிரெதிராக நிற்பதைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் மீனாட்சி கோயில் யானை பார்வதியிடம் தும்பிக்கையால் ஆசீர்வாதம் வாங்கி வளர்ந்தவனுக்குக் கண் முதலில் போகிற இடம் வேறு. யானைக் காலில் சங்கிலி. அவெடன் அதை மறைக்கவில்லை. சித்தப்பா பார்த்ததும் சொன்னார், "சங்கிலிய டச்சிங்ல அழிச்சிருக்கலாம், ரெண்டு நிமிச வேலை." அழித்திருந்தால் அது வெறும் அழகான படமாகப் போயிருக்கும் என்பது என் எண்ணம். அவெடனுக்கோ அதில் வேறு குறை. அந்த வெள்ளைப் பட்டு இடது பக்கம் பறந்திருந்தால் கோடு முழுமையாக வந்திருக்கும், ஏன் அப்படிச் செய்யாமல் விட்டேன் என்று கடைசி வரை புலம்பினார். 2010-இல் அதன் ஒரு பிரதி பாரிஸில் ஏலத்துக்கு வந்து 8,41,000 யூரோவுக்குப் போனது. வாங்கியது டியோர் நிறுவனமே. டொவீமா? அந்தக் காலத்தில் மணிக்கு அதிகக் கூலி வாங்கிய மாடல்களில் ஒருத்தி. கடைசிக் காலத்தில் ஃப்ளோரிடாவில் ஒரு பீட்சாக் கடையில் வாடிக்கையாளரை வரவேற்று உட்காரவைக்கும் வேலை பார்த்து, 1990-இல் இறந்துபோனாள்.

இனி பிரபலங்கள். பிரபலமானவரைப் படம் எடுப்பதில் என்ன கஷ்டம் என்று பலருக்குப் புரிவதில்லை. அழகான முகம், நல்ல துணி, சொன்னால் கேட்பார்கள். கஷ்டமே அதுதான். அவர்களுக்கு முகம் மனப்பாடம். கேமராவைக் கண்டதும் பழகிய முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். இதற்கு ஹாலிவுட் வரை போகவே வேண்டாம், கோரிப்பாளையம் சிக்னலில் நின்று ஃபிளெக்ஸ் பேனரைப் பாருங்கள். காதில் செல்போனை வைத்துக்கொண்டு எதிரே நடந்து வருவார் ஒருவர், கூலிங் கிளாஸோடு கும்பிடுவார் இன்னொருவர், தாடையில் கை வைத்து நாட்டைப் பற்றி யோசிப்பார் மூன்றாமவர். சித்தப்பா கடைக்கு வரும் கட்சிக்காரர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே போனைக் காதுக்குக் கொண்டுபோய்விடுவார்களாம், மறுமுனையில் ஆளே இருக்காது. அந்தப் போனைக் கீழே வைக்கவைக்கிறவன்தான் நல்ல போட்டோகிராபர்.

1957-இல் அவெடன் இரண்டு முறை அதைச் செய்தார். மே மாதம் நியூயார்க் ஸ்டுடியோவுக்கு மர்லின் மன்றோ வந்தார். மணிக்கணக்கில் ஆடினார், பாடினார், கண்ணடித்தார், உலகம் கேட்கும் மர்லின் மன்றோவாகவே இருந்தார். எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஆட்டம் ஓய்ந்து, அவர் ஓரமாக, குழந்தைபோல வெறித்த பார்வையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் அவெடன் மறுபடியும் கேமராவை எடுத்தார். திருட்டுத்தனமாக எடுத்ததில்லை, அவருக்குத் தெரிந்தே எடுத்த படம். இன்று மிஞ்சி நிற்பது அதுதான். இரண்டாவது, இங்கிலாந்தின் அரச பட்டத்தைத் துறந்த விண்ட்சர் கோமகனும் அவர் மனைவியும். நாய் என்றால் உயிரை விடுகிற தம்பதி. கேமராவுக்கு முன்னால் அவர்கள் அரச குடும்பத்துச் சிரிப்பை விட்டு இறங்கவே இல்லை. அவெடன் ஒரு பொய் சொன்னார்: "தாமதத்துக்கு மன்னிக்கணும், நான் வந்த டாக்ஸி வழியில் ஒரு நாயின் மேல் ஏறிவிட்டது." இரண்டு முகமும் ஒரே நொடியில் உடைந்தன. கிளிக். அந்தப் பொய்யை என்னால் ரசிக்க முடியவில்லை. படத்திலிருந்து கண்ணையும் எடுக்க முடியவில்லை.

புதுமண்டபத்துத் தூண்களில் நிற்கும் நாயக்க மன்னர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வந்தவனுக்கு இதில் ஒரு ஒப்பீடு தவிர்க்க முடியாமல் வருகிறது. திருமலை நாயக்கர் அங்கே மனைவிமாரோடு கைகூப்பி நிற்கிறார். அரசர், மண்டபம் கட்டிய புண்ணியவான், கூலி கொடுக்கிறவரும் அவரே. அப்படியும் சிற்பி தொப்பையைக் குறைக்கவில்லை. அந்தக் காலத்தில் அது செழிப்புக்கு அடையாளம் என்பார்கள், இருக்கட்டும். ஆனால் அது வேறு யாருடைய தொப்பையாகவும் இருக்க முடியாது, அவருடையதேதான். 1976-இல் ஒரு பத்திரிகைக்காக அவெடன் அமெரிக்க அதிகாரத்தின் 69 முகங்களை வரிசையாக எடுத்தபோதும், ஜனாதிபதி முதல் தொழிலதிபர் வரை எல்லோரையும் ஒரே வெள்ளைக்கு முன் நிறுத்தி, கோட்டின் மடிப்பும் கழுத்தின் சதையும் உள்ளது உள்ளபடி விட்டார். அங்கே மேசை இல்லை, கொடி இல்லை, சாய்ந்துகொள்ளத் தூணும் இல்லை.

சரி, இதற்கெல்லாம் யார் காசு கொடுத்தது? இந்த இடத்தில்தான் அவெடனின் தொழில் புத்தியைப் பார்க்க வேண்டும். பத்திரிகை பேரைக் கொடுக்கும், விளம்பரம் சோறு போடும். 1966-இல் ஹார்ப்பர்ஸ் பஜாரிலிருந்து வோக் பத்திரிகைக்கு மாறி, 1988 வரை அங்கே இருந்தார். அதே காலத்தில் ரெவ்லான் உதட்டுச்சாயத்திலிருந்து கால்வின் கிளைன் ஜீன்ஸ், வெர்சாச்சி உடை வரை விளம்பரங்கள். அந்தப் பணத்தில்தான் யாரும் கேட்காத, யாரும் காசு கொடுக்காத படங்களை எடுத்தார். எங்கள் ஊரில் இதே கணக்கு முகூர்த்த மாதத்தில் நடக்கிறது. வைகாசியும் ஆவணியும் கல்யாணம், காதணி விழா, சடங்கு என்று ஓடி ஓடிச் சம்பாதித்து, மார்கழியில்தான் தனக்குப் பிடித்த படத்தை எடுக்க அழகர்மலைப் பக்கம் கிளம்புவார்கள்.

ஆனால் அமெரிக்காவில் இருந்து இங்கே இல்லாதது ஒன்று உண்டு. அங்கே போட்டோகிராபரின் பெயரைப் படத்துக்குக் கீழே போட்டு வளர்த்தவை ஃபேஷன் பத்திரிகைகள். தமிழில் அந்த இடத்தைச் சினிமா எடுத்துக்கொண்டது. நட்சத்திரப் படம் வேண்டுமென்றால் தயாரிப்பாளர்தான் எடுக்கவைப்பார், பத்திரிகைக்கு இலவசமாகப் போகும். எடுத்தவர் பெயர் பெரும்பாலும் மறைந்துவிடும், இல்லையென்றால் தொழிலே பெயரோடு ஒட்டிக்கொள்ளும், ஸ்டில்ஸ் ரவி என்பதுபோல. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் கேமரா ஆசையில் நட்சத்திரங்களைப் படம் எடுக்கத் தொடங்கியவர், அவை வந்த பத்திரிகையின் பெயரே அவர் பெயராகி, 1958-இல் நாடோடி மன்னனுக்குச் செய்தித் தொடர்பாளராகி, கடைசியில் தமிழ் சினிமாவின் நடமாடும் ஆவணக் காப்பகமாக ஆனார். கே.வி. ஆனந்த் பத்திரிகை அட்டைகளுக்குப் படம் எடுத்தவர், பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்து ஒளிப்பதிவுக்குப் போய், பிறகு இயக்குநரானார். இங்கே போட்டோ என்பது பலருக்கும் வேறெங்கோ போகும் வழியில் வருகிற ஸ்டாப்பிங். ஃபேஷன், பிரபலங்கள் என்று போட்டோவிலேயே ஊன்றி நின்று பெயர் வாங்கிய ஜி. வெங்கட் ராம் போன்றவர்கள் பின்னால்தான் வந்தார்கள். அவர் 2020-இல் ரவிவர்மா ஓவியங்களில் நடிகைகளை நிறுத்தி எடுத்த காலண்டர் எல்லோருக்கும் நினைவிருக்கும். கவனித்துப் பார்த்தால், சித்தப்பா கடை மாடிப்படித் திரைக்கும் ரவிவர்மாவின் திரைச்சீலைக்கும் தூணுக்கும் தூரத்து உறவு உண்டு. நமக்குப் பின்னணி என்றால் நிறைவாக இருக்க வேண்டும், முகத்துக்கு அது ஒரு மரியாதை.

மதுரையில் இன்று ஃபேஷன் படம் எடுக்க வரும் பிள்ளைகள் பான்விட் டெல்லர் கதையைக் கேள்விப்படாமலே அதைச் செய்கிறார்கள். பெயர் கொலாப். மேக்கப் செய்கிறவருக்குத் தன் வேலையைக் காட்டப் படம் வேண்டும், வாடகை நகைக்கடைக்கு வேண்டும், ஜாக்கெட் தைக்கிற பொட்டிக்குக்கு வேண்டும், மாடலாக வருகிற கல்லூரிப் பெண்ணுக்கு வேண்டும். யாரும் யாருக்கும் காசு கொடுக்க மாட்டார்கள், எல்லோரும் படத்தை எடுத்துக்கொள்வார்கள். அதிகாலையில் கீழக்குயில்குடி சமணர் மலையடியில், தாமரைக் குளத்துக்கும் ஆலமரத்துக்கும் நடுவே, ஒரே நேரத்தில் நாலு கூட்டம் நிற்கும். போன வருஷம் அங்கே ஒரு பையன் சுங்குடிச் சேலை எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் நேராக ஃப்ளாஷ் அடித்தான். புள்ளிகள் அச்சடித்ததுபோலத் தட்டையாக வந்தன. கூட வந்த அம்மா, சேலைக்குச் சொந்தக்காரர், "தம்பி, இது முடிச்சுப் போட்ட சேலை, பிரிண்டு மாதிரி இருக்கே" என்றார். பையன் யோசித்து, விளக்கைக் கழற்றிப் பக்கவாட்டில், முழங்கால் உயரத்துக்கு இறக்கிப் பிடிக்கச் சொன்னான். முடிச்சை அவிழ்த்த இடத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் குட்டி நிழலோடு எழுந்து நின்றது. 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சேலை, ஆனால் விளக்கு ரெண்டடி இடம் மாறினால்தான் அது சுங்குடி.

அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது வெள்ளைத் துணி. பாஸ்போர்ட் அலுவலகத்தில் அவர்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஆதார் மையத்திலும் அப்படியே. ஒரு நாளைக்கு நாற்பது முகம் என்ற பயிற்சி ஸ்டுடியோக்களை விட்டுப் போய்விட்டது. அந்தக் கம்ப்யூட்டர் கேமரா எடுத்த முகத்தைப் பார்த்து நாம் எல்லோரும் ஒருமுறையாவது தலையில் அடித்துக்கொண்டிருக்கிறோம். பத்தே நொடியில் தாடையைத் தூக்கச் சொல்லி, தோளை இறக்கச் சொல்லி, மனுஷனை மனுஷனாகக் காட்டும் வித்தை சாதாரண வித்தை இல்லை.

இப்போது சுரங்கத் தொழிலாளிக்கு வருவோம். 1979-இல் டெக்சஸில் இருக்கும் ஏமன் கார்ட்டர் மியூசியம் அமெரிக்காவின் மேற்குப் பகுதி மக்களை எடுக்கும்படி அவெடனிடம் கேட்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு, உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட ஃபேஷன் போட்டோகிராபர். ஆறு கோடைக்காலங்கள், 17 மாநிலங்கள், 752 பேர். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளி, ஓட்டல் பரிமாறும் பெண், கசாப்புக் கடை ஆள், வேலையில்லாமல் ரோட்டில் திரிகிறவன். ஒன்பது அடி அகலம், ஏழு அடி நீளத்தில் வெள்ளைக் காகிதத்தைக் கண்ட சுவரில், லாரிப் பக்கவாட்டில் ஒட்டி, முன்னால் நிறுத்துவார். வெயிலில் எடுக்க மாட்டார், நிழலில்தான். வெயில் என்றால் கண் சுருங்கும், மூக்கின் நிழல் உதட்டில் விழும், வெளிச்சம் தானாகவே ஒரு கதை சொல்லிவிடும். நிழலில் எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம், சொல்ல வேண்டியதை முகம்தான் சொல்ல வேண்டும். கேமரா பழைய காலத்து மரப்பெட்டி, பத்துக்கு எட்டு அங்குல பிலிம், பள்ளிக்கூட நோட்டு அளவுக்கு நெகட்டிவ். மயிர்க்கால் வரை பதியும். அவர் கேமராவுக்குப் பின்னால் ஒளியாமல் பக்கத்தில் நின்று, எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்தபடி எடுத்தார். இதைச் சொன்னதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய குருநாதரும் அப்படித்தானாம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு ஃபோகஸ் பார்த்துவிட்டு வெளியே வந்து, ரப்பர் பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அமுக்குவாராம்.

1985-இல் அந்தப் படங்கள் ஆளை விடப் பெரிய அளவில் காட்சிக்கு வந்தபோது திட்டும் விழுந்தது. நியூயார்க் ஃபேஷன்காரன் ஏழைகளைச் சோகமாகக் காட்டிக் காசாக்குகிறான் என்றார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உடம்பெல்லாம் தேனீ மொய்க்கும் மொட்டைத்தலை மனிதரின் படம் அந்தத் தொகுப்பிலேயே புகழ்பெற்றது. அவர் மேற்குப் பகுதிக்காரரே இல்லை, சிகாகோ பக்கத்தவர். தேனீ வளர்ப்போர் இதழில் விளம்பரம் கொடுத்து ஆள் பிடித்து, ராணித் தேனீயின் வாசனையை உடம்பில் தடவி, கலிபோர்னியாவில் வைத்து எடுத்தது. இதில் என்ன யதார்த்தம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனால் ஜனாதிபதியை நிறுத்திய அதே வெள்ளையில் சுரங்கத் தொழிலாளியையும் நிறுத்தினார் என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்த வெள்ளையை அவர் எங்கே எடுத்தார் என்பதும் தெரிகிறது. மாலுமிகளின் அடையாள அட்டையில்.

மதுரைப் பக்கத்திலும் ஸ்டுடியோவுக்கு வராத முகங்களைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. மீன் விற்கும் தாயின் மகனான எம். பழனிக்குமார் துப்புரவுத் தொழிலாளர்களையும் மீனவப் பெண்களையும் எடுத்து, 2022-இல் முதல் தயாநிதா சிங் பாரி விருதை வாங்கினார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தையே எடுத்தார். அவர்கள் வெள்ளைக் காகிதம் ஒட்டவில்லை, வீடும் வாசலும் கூடவே வருகின்றன. அது தனியாக எழுத வேண்டிய கதை.

அவெடனும் சொந்த வீட்டை எடுத்தார். அப்பாவோடு அவருக்குச் சுமுகமில்லை. 1969-இலிருந்து 1973 வரை, புற்றுநோயில் அப்பா கரைவதை, கோட்டு போட்ட கிழவரிலிருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரை, தொடர்ந்து எடுத்தார். பின்னால் அதே வெள்ளை. 1974-இல் நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியத்தில் அவற்றை மாட்டியபோது, பெற்ற அப்பனை இப்படியா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். துணிக்கடைக்காரர் கடைசிப் படங்களில் ஆஸ்பத்திரி அங்கியில் இருக்கிறார். அவெடன் 2004 அக்டோபர் 1 அன்று, எண்பத்தோரு வயதில், ஒரு பத்திரிகைக்குப் படம் எடுக்கப் போன இடத்தில், டெக்சஸில் இறந்தார்.

சித்தப்பாவிடம் அப்பா படங்களையும் காட்டினேன். முகத்தை விட்டுவிட்டு ஓரத்தைத்தான் பார்த்தார். அவெடனின் பிரிண்டுகளைச் சுற்றி ஒரு கறுப்புக் கோடு ஓடும். "இது நெகட்டிவ் ஓரம்ல? இதயும் வெட்டலயா?" வெட்டவில்லை, எடுத்ததில் ஒரு நூல் அளவுகூடக் குறைக்கவில்லை என்று காட்டத்தான் அதை விட்டுவைப்பார் என்றேன். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் சுவரைப் பார்த்தார்.

சுவரில் அப்பத்தா. சித்தப்பாவே தன் ஆத்தாளை பேங்க் பாஸ்புக்குக்காக வெள்ளைத் துணி முன் உட்காரவைத்து எடுத்த படம். அப்பத்தா அன்றைக்குத் தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டாள். பாஸ்போர்ட் சைஸுக்கு வெட்டியபோது இடது காதுத் தண்டட்டி பாதிக்கு மேல் போய்விட்டது. நெகட்டிவில் முழுசாக இருந்தது. பிலிம் காலம் முடிந்த பிறகு, வெள்ளி எடுப்பதற்கென்று பழைய நெகட்டிவுகளைக் கிலோ கணக்கில் வாங்க ஒருவர் வந்தார். சித்தப்பா மூன்று சாக்கு போட்டார். அப்பத்தா அதில் ஒன்றுக்குள் போய்விட்டாள். அவள் செத்த அன்றைக்குத்தான் அது நினைவுக்கு வந்தது. வேறு படம் கிடையாது. டிசைன் செய்கிற பையன் பின்னால் நீலத்தைக் கொடுத்து, பட்டுச் சேலையைப் போர்த்தி, வலது காதை அப்படியே காப்பி எடுத்து, திருப்பி இடது பக்கம் ஒட்டிக் கொடுத்தான்.

பார்க்கிறவர்கள் யாருக்கும் தெரியாது. சித்தப்பா எழுந்து போய் மாலையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். "பாரு, ரெண்டு காதுலயும் தொங்குறது ஒரே தண்டட்டி. எடது காதுல இருந்ததுல லேசா நசுங்கல் இருக்கும்."